படைவீரர்களின் மூளைக்காயமும் மறதிநோயும்

போர்க்களத்திலோ பயிற்சியிலோ தலையில் காயம்பட்ட படைவீரர்களுக்குப் பிற்காலத்தில் மறதிநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். இதற்கான விரிவான சான்றுகளில் பல அமெரிக்க முன்னாள் படையினரிடமிருந்து கிடைத்தவை. ஆய்வாளர் டெபோரா பார்ன்ஸின் குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வு, மூளைக்காயம் கண்டறியப்பட்ட 1,78,779 பேரையும் அதே எண்ணிக்கையில் காயமற்றவர்களையும் ஒப்பிட்டது. முதல் பிரிவில் 6.1 சதவீதத்தினருக்கு மறதிநோய் வந்தது, மற்றதில் 2.6 சதவீதம். நினைவு தப்பாத லேசான காயத்துக்குப் பின்னும் ஆபத்து இரு மடங்குக்கு மேல் இருந்தது. 'லேசான' என்னும் மருத்துவ வகைப்பாடு நோயாளிக்கு அவ்வளவு ஆறுதல் தருவதல்ல.

குண்டுவெடிப்பின் அழுத்த அலை தனிக் கதை. மண்டையோடு உடையாமலே அது மூளைக்குள் ஊடுருவும். முதல் உலகப்போரில் குண்டுவீச்சுக்கு ஆளான வீரர்களிடம் காணப்பட்டு 'ஷெல் ஷாக்' எனப்பட்ட நிலை உடற்காயமா மனக்காயமா என்று அன்றே சர்ச்சை எழுந்தது. குண்டுவெடிப்புக்கு உள்ளாகியிருந்த, இறந்த வீரர்களின் மூளைத் திசுக்களை ஆராய்ந்த ஆய்வாளர் டேனியல் பெர்லின் குழு, சாம்பல் நிறப் பகுதியும் வெண் பகுதியும் சேரும் எல்லையிலும் இரத்தக் குழாய்களைச் சுற்றிலும் வடுக்கள் இருப்பதை 2016-இல் விவரித்தது. வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் இவை தெரிவதில்லை.

காயம்பட்ட எல்லோருக்கும் மறதிநோய் வருவதில்லை. போருக்குப் பிந்தைய மன அதிர்ச்சி, மனச்சோர்வு, தூக்கக் கோளாறு, மது ஆகியவையும் நினைவாற்றலைக் குலைப்பதால் காரணத்தைப் பிரித்தறிவது கடினம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. மறதிநோய் ஆபத்தைக் குறைக்க இரத்த அழுத்தக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் பரிந்துரைக்கப்படுகின்றன. துப்பாக்கி, பீரங்கிச் சத்தத்தால் காது மந்தமானவர்களுக்குச் செவித்துணைக் கருவியும் மூளைநலப் பராமரிப்பில் அடங்கும்.