கரிமப் பாய்வு மின்கலம்

நீரில் கரைந்த கரிம மூலக்கூறுகளில் மின்னாற்றலைச் சேமிக்கும் மின்கல வகை. இரு தொட்டிகளிலுள்ள மின்பகு கரைசல்களைப் பம்புகள் கலத்துக்குள் ஓட்டுகின்றன. நடுவிலுள்ள சவ்வு அவற்றைக் கலக்கவிடாமல், அயனிகளை மட்டும் கடத்துகிறது. கூடுதல் நேரத்துக்கு மின்சாரம் வேண்டுமென்றால் தொட்டியைப் பெரிதாக்கினால் போதும். நீர்க்கரைசல் என்பதால் தீப்பிடிக்கும் அச்சமும் குறைவு. எடை அதிகம், வாகனத்துக்கு ஆகாது, மின்நிலையத்துக்கு ஏற்றது.

மதுரைச் சமவெளியில் இதன் தேவை கண்கூடு. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இயங்குகிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் மின்தேவை ஏறும். சூரிய மின்சாரமோ அப்போது நின்றுவிடும்.

பாய்வு மின்கலங்களில் பரவலானது வனேடியம் வகை. 1980களில் ஆஸ்திரேலியாவில் மரியா ஸ்கைலாஸ்-கசகோஸ் குழு உருவாக்கியது. வனேடியத்தின் விலை நிலையற்றது. மின்னேறிய கரைசலும் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியசுக்கு மேல் வண்டலாகப் படியத் தொடங்கும். மதுரைக் கோடை தொடும் வெப்பம் அது.

2014இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மைக்கேல் அஸீஸ், ராய் கோர்டன் குழு, உலோகத்துக்கு மாற்றாக ஆந்த்ராகுயினோன் வகை மூலக்கூறைப் பயன்படுத்தியது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீ நாராயண், சூர்ய பிரகாஷ் குழுவும் அதே ஆண்டில் இவ்வழியில் வெற்றி கண்டது. 2015இல் ஹார்வர்டு அமைத்த காரக் கலத்தில் 2,6-டைஹைட்ராக்சி ஆந்த்ராகுயினோன் ஒரு பக்கம், ஃபெரோசயனைடு மறுபக்கம், மின்னழுத்தம் 1.2 வோல்ட், ஆற்றல் திறன் 84 சதவீதம்.

அந்த ஆந்த்ராகுயினோன் மூலக்கூறுக்கு மதுரையோடு பழைய உறவு உண்டு. இவ்வூர்ச் சாயக்காரர்கள் நூலுக்குச் சிவப்பேற்றிய சாயவேரிலுள்ள அலிசரின் அதன் மாற்றியமே. அணுக்கள் அதே எண்ணிக்கைதான். ஹைட்ராக்சில் தொகுதிகள் அமர்ந்த இடம்தான் வேறு. 1868-69இல் ஜெர்மானியர் அலிசரினைச் செயற்கையாகத் தயாரித்ததும் சாயவேர் மறையத் தொடங்கியது.

கரிமப் பாய்வு மின்கலத்தின் பெரிய சிக்கல் சிதைவு. மின்னேறிய மூலக்கூறு ஓர் ஆக்சிஜனை இழந்து ஆந்த்ரோனாகிறது. பின்னர் அத்தகைய இரண்டு இணைந்து செயலற்றுப் போகின்றன. இணையும் முன் கரைசலில் காற்றைச் செலுத்தினால் ஆந்த்ரோன் பழைய வடிவுக்குத் திரும்பும் என்று 2019இல் ஹார்வர்டு குழுவினர் காட்டினர். அதற்கு முந்தைய ஆண்டே, நாளொன்றுக்கு 0.01 சதவீதத்துக்கும் குறைவாகச் சிதையும் மூலக்கூறு ஒன்று வெளியானது. நீண்ட ஆயுளுக்காக, விவிலியத்தில் நெடுநாள் வாழ்ந்தவரின் பெயரால், அதற்கு 'மெத்தூசலா' என்று செல்லப்பெயர்.

வெப்பம் கூடினால் சிதைவும் விரையும். ஆகவே ஆய்வகத்து எண்களை நம்பி இங்கே தொட்டி கட்டக்கூடாது. மதுரைக்கு அண்மையில், காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் தந்த 300 ஏக்கரில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. பாய்வு மின்கல ஆய்வும் அங்கே நடக்கிறது. திறந்தவெளியில், நம் வெயிலில், பல கோடைகள் நீளும் சோதனையை அங்கேயே தொடங்க வேண்டும்.