ரயில் விடுகதைகள்

ரயிலைப் பொருளாகக் கொண்டு, விடையைக் கேள்வியின் சொற்களுக்குள்ளேயே ஒளித்துக் கேட்கப்படும் ஏமாற்று விடுகதைகள். பேச்சு வழக்கில் 'கடி' எனப்படும். கணக்குப் போலத் தொடங்குவதும், கணக்கே தேவைப்படாமல் முடிவதும் இவற்றின் இயல்பு.

பாகுபாடு

விடுகதையைத் தொல்காப்பியம் 'பிசி' என்கிறது. அடிவரையறை இல்லாத ஆறு வகைச் செய்யுள்களுள் ஒன்றாகச் செய்யுளியல் அதை வைக்கிறது. பிசி இரு வகைப்படும்: உவமையால் மறைப்பது ஒன்று, உள்ளதைச் சொல்லியே மறைப்பது மற்றொன்று. யானையை மலையாக்கி, தந்தத்தைப் பிறையாக்கிக் கேட்பது முதல் வகை. ரயில் கடி இரண்டாம் வகையின் நேர் வாரிசு. அதில் உவமையே கிடையாது. நொடி, வெடி, அழிப்பாங்கதை என விடுகதைக்கு வட்டாரத்துக்கொரு பெயர் உண்டு.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இவற்றைச் சொல்லிக்காட்டச் சேலம்–விருத்தாசலம் பாதை வாகானது. "சேலத்திலிருந்து கிழக்கே மின்சார ரயில் போகிறது. காற்று மேற்கே அடிக்கிறது. புகை எந்தப் பக்கம் போகும்?" மின்சார ரயிலுக்குப் புகை ஏது? இருந்தும் கேட்டவர் திசையைத்தான் யோசிப்பார். குற்றம் அவருடையது மட்டுமன்று. ரயிலுக்குத் தமிழ் வைத்த பெயரே புகைவண்டி. நிலையப் பலகையிலும் பாடநூலிலும் அதைப் படித்து வளர்ந்தவர் மனத்தில் ரயிலோடு புகையும் சேர்ந்தே வந்துவிடுகிறது. சென்னைக் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931இலேயே ஓடத் தொடங்கியது; சொல்லிலிருந்த புகை மட்டும் அடங்கவில்லை. 'தொடர்வண்டி' என்று கேட்டால் இந்தக் கடியின் காரம் பாதி குறையும்.

அடுத்தது: சேலத்திலிருந்து ஒன்று, விருத்தாசலத்திலிருந்து ஒன்று, வேறு வேறு வேகத்தில் புறப்படுகின்றன, சந்திக்கும்போது சேலத்துக்கு அருகில் இருப்பது எது? சந்தித்த இடத்தில் இரண்டுக்கும் தூரம் ஒன்றே. வேகத்தைச் சொன்னதால் கேட்பவர் அதைப் பெருக்கத் தொடங்கிவிடுகிறார். ரயில்வேக்காரரிடம் இது செல்லாது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிர் வண்டிகள் நடுவழியில் சந்தித்தால் விபத்து. சின்னசேலம் போன்ற நிலையத்தில் கிராசிங் போட்டுத்தான் ஒன்றையொன்று கடக்கும்.

மூன்றாவது, "நீதான் டிரைவர்" என்று தொடங்கும். ஆத்தூரில் 10 பேர் இறங்கி 6 பேர் ஏறினார்கள், சின்னசேலத்தில் 4 பேர் என்று அடுக்கிவிட்டு, டிரைவரின் வயதைக் கேட்கும். விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தவருக்கு முதல் சொல் மறந்திருக்கும்.

ஏமாறும் காரணம்

கேட்பவர் கேள்வியை நம்புவதே காரணம். ஒருவர் ஓர் எண்ணைச் சொன்னால் அது விடைக்குத் தேவை என்று எடுத்துக்கொள்வது பேச்சின் எழுதாத ஒப்பந்தம். எரிக்சன், மேட்சன் என்ற உளவியலாளர்கள் 1981இல் வெளியிட்ட ஆய்வில், மோசே பேழையில் ஒவ்வொரு விலங்கிலும் எத்தனை ஏற்றினார் என்று கேட்டார்கள். பேழை நோவாவுடையது என்று தெரிந்தவர்களே 'இரண்டு' என்றார்கள். பொருத்தமாக ஒலிக்கும் சொல்லை மனம் சரிபார்ப்பதில்லை. ஆகவே இது அறிவுக்குறைவன்று.

இன்றைய நிலை

இவை இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன.