கீஸன் நகரத்து ரசாயன சாலை

பல்கலைக்கழகத்தில் கரிம ரசாயனம் பயிலப் புகும் மாணவன் ஆய்வுக்கூடத்தில் குடுவையும் கையுமாக நிற்பது இன்று இயல்பான காரியமாகத் தோன்றினாலும், அவ்வழக்கத்திற்கு உறுதியான அஸ்திவாரமிட்ட பெருமை ஜெர்மனியிலுள்ள கீஸன் என்னும் சிறு நகரத்தையே பெரிதும் சாரும். 1824-ஆம் ஆண்டில், 21 பிராயமே நிரம்பிய யுஸ்டுஸ் லீபிக் அங்கே ஆசிரியராக அமர்ந்து, படைவீரர்க்குரிய பழைய கட்டடமொன்றைத் தம் ரசாயன சாலையாக்கிக்கொண்டார். பொருளைத் தானே பகுத்துப் பார்ப்பவனுக்கே அதன் தத்துவம் வசப்படும் என்பது அவர் போதனையின் சாரம்.

1831-இல் அவர் வகுத்த கண்ணாடிக் கருவி, ஐந்து குமிழ்கள் முக்கோணமாக இணைந்த எளிய சாதனம். கரிமப் பொருளைத் தாமிர ஆக்ஸைடுடன் சேர்த்துத் தகிக்கையில் எழும் நீராவியைக் கால்சியம் குளோரைடு நிரம்பிய குழாய் உறிஞ்சிக்கொள்ள, கரியமில வாயு அக்குமிழ்களிலுள்ள பொட்டாஷ் கரைசலில் தங்கிவிடும்; இவற்றை முன்னும் பின்னும் தராசிலிட்டு நிறுத்து, கூடிய எடையைக்கொண்டு ஹைட்ரஜனும் கார்பனும் இத்தனை என்று கணித்துவிடலாம். மகாநிபுணர்களுக்கே கைவந்திருந்த பகுப்பு, இதனால் மாணவர்க்கும் நித்திய அப்பியாசமாயிற்று.

அங்கே பயின்ற ஹாஃப்மன், 1845-இல் லண்டனில் தோன்றிய ரசாயனக் கல்லூரிக்குத் தலைமையேற்று அம்முறையைக் கடல் கடந்து கொண்டுசென்றார். அவருடைய மாணாக்கராகிய பெர்க்கின் 1856-இல் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டார். கட்டடக்கலை பயில வந்து, லீபிக்கின் சொற்பொழிவால் ரசாயனத்தின்பால் திரும்பிய கெகுலே, 1865-இல் பென்சீனின் வளைய அமைப்பை உலகிற்கு உரைத்தார். ஆதலின், கையால் செய்து கற்கும் வாய்ப்பை ஒவ்வொரு மாணவனுக்கும் குறைவின்றி அளிப்பதே ரசாயனம் போதிக்கும் கலாசாலைகளின் தலையாய கடமையாகும்.