ஐந்து கண்ணாடிக் குமிழும் ஒரு தராசும்

முதல்ல ஒரு வாக்குமூலம். பிஎஸ்சி வேதியியல், இரண்டாம் வருஷம். டைட்ரேஷன்ல ரீடிங் மூணும் ஒத்து வரணும். எனக்கு ஒண்ணுதான் சரியா வந்தது. மீதி ரெண்டையும் நோட்டுல நானே வரவழைச்சேன். உங்கள்ல பாதிப்பேர் இப்போ சிரிக்கிறீங்கன்னு தெரியும்.

இந்த லேப் வகுப்பு எங்கிருந்து வந்ததுன்னு தேடினப்போ போய் நின்ன இடம், ஜெர்மனியில் கீசென் என்கிற சின்ன ஊர். 1824-ல் யுஸ்டுஸ் லீபிக் அங்கே பேராசிரியரா வர்றார். வயசு 21. அதுக்கு முன்னாடி பாரிஸில் கே-லுசாக்கின் ஆய்வகத்தில், அவர் பக்கத்திலேயே நின்னு வேலை பழகினவர். அப்போ அது பெரிய அதிர்ஷ்டம். பேராசிரியர் மேஜைமேல் செய்து காட்டுவதைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போறதுதான் பெரும்பாலான மாணவர்களுக்குக் கிடைச்ச வேதியியல். கீசெனில் லீபிக்குக் கிடைச்சது ஒரு பழைய படைமுகாமின் காவலர் கட்டடம். அதில் மாணவர்களைக் கூட்டமா நிற்க வைத்து வேலை வாங்கினார்.

ஆனா கூட்டத்துக்குக் கற்றுத்தர, கருவி எளிமையா இருக்கணுமே? ஒரு கரிமச் சேர்மத்தில் கார்பன் எவ்வளவுன்னு கண்டுபிடிக்க, அதை எரிச்சு, வர்ற வாயுவைப் பாதரசத்தின் மேல் பிடிச்சு, கன அளவைப் பார்த்தாங்க. கை தேர்ந்தவங்களுக்கே சிரமம். 1831-ல் லீபிக், ஐந்து குமிழ் வைத்த முக்கோணக் கண்ணாடிக் குழாயை அறிமுகப்படுத்தினார். பெயர் காலிஅப்பராட். சேர்மத்தைக் காப்பர் ஆக்சைடோடு சூடாக்கணும். நீராவியைக் கால்சியம் குளோரைடு குழாய் பிடிச்சுக்கும்; கார்பன் டை ஆக்சைடைக் குமிழ்களில் இருக்கிற பொட்டாஷ் கரைசல் உறிஞ்சிடும். முன்னாடி ஒரு எடை, பின்னாடி ஒரு எடை. கழிச்சா விடை. மேதையா இருக்க வேண்டாம், தராசை ஒழுங்கா பார்க்கத் தெரிஞ்சா போதும். அமெரிக்க வேதியியல் கழகத்தின் சின்னத்தில் அந்தக் குமிழ்கள் இன்னிக்கும் இருக்கு.

இதுக்கு விலையும் இருந்தது. 1847-ல் கட்டடக்கலை படிக்க வந்து, லீபிக்கின் வகுப்பைக் கேட்டு வேதியியலுக்கு மாறினவர் கெக்குலே. பென்சீன் வளையம் தந்தவர். உடம்பைக் கெடுத்துக்காம வேதியியலில் முன்னேற முடியாதுன்னு லீபிக் தன்கிட்ட சொன்னதா அவர் பிற்பாடு நினைவுகூர்ந்தார். பெருமையா சொன்னாரோ என்னவோ, எனக்கு அது உறுத்துது. எங்க லேப்ல ஃபியூம் ஹூட் விசிறி ஓடாத நாட்களில், ஹைட்ரஜன் சல்பைடு தலைவலியோட மதியச் சோத்தைப் பார்க்கவே பிடிக்காது. கெமிஸ்ட்ரின்னா அப்படித்தான்னு சொல்லித்தான் எங்களையும் பழக்கினாங்க.

அந்த ரெக்கார்டு நோட்டு இன்னும் வீட்டுப் பரண்ல இருக்கு. போன வாரம் இறக்கிப் பார்த்தேன். ரீடிங் மூணும் 20.4. பார்க்க அழகாத்தான் இருக்கு.