கொங்கு நாட்டுத் திராட்சை

கோயம்புத்தூருக்கு மேற்கே, பேரூரைத் தாண்டி வெள்ளியங்கிரி அடிவாரம் நோக்கிப் போகும் நிலப்பகுதியில் பந்தலிட்டு வளர்க்கப்படும் கொடிப்பயிர். தீத்திபாளையம், கரடிமடை, குப்பனூர், மாதம்பட்டி, தொண்டாமுத்தூர் ஆகிய ஊர்ப்பக்கங்கள் இதற்குப் பேர்போனவை. விளைவதில் பெரும்பங்கு பன்னீர் திராட்சை. கருநீல நிறம், உள்ளே விதை, வாயில் போட்டதும் பன்னீர் மணம். தமிழ்நாட்டில் இதன் தலைமை இடம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்குதான். கோவை அதற்கு அடுத்த வரிசையில் நிற்பது. ஆனால் கொடி வருவதற்கு வெகுகாலம் முன்பே திராட்சை மது கொங்கு வழியாகப் பயணப்பட்டிருக்க வேண்டும் என்பதால், இதன் வரலாற்றை நொய்யல் கரையிலிருந்தே தொடங்கலாம்.

மேற்குக் கடற்கரையின் முசிறியில் இறங்கிய யவனச் சரக்கு, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்குக்குள் வந்து கிழக்கே போனது. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842 முதல் பலமுறை ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. நொய்யலின் கீழ்ப்பகுதியில் உள்ள கொடுமணல் அதே வழியில் அமைந்த மணித்தொழில் ஊர். கணவாய்க்கு அப்பால் பட்டணம் என்ற ஊரிலும், கிழக்கே அரிக்கமேட்டிலும் கிடைத்த இருகைப்பிடிச் சாடித் துண்டுகளில் பல, இத்தாலியிலும் கிரேக்கத் தீவுகளிலும் மது அடைத்து அனுப்பப்பட்டவை. யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பாண்டியன் பருகுவதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாடுகிறார். அரசர்கள் குடித்தார்கள், வணிகர்கள் சுமந்தார்கள். கொடியை மட்டும் யாரும் நடவில்லை. பனையும் தென்னையும் கள் தந்த ஊரில் அதற்குத் தேவையும் இருந்திருக்காது.

பெயரும் வெளியிலிருந்து வந்ததே. திராட்சை வடமொழிச் சொல்லின் தமிழ் வடிவம். கொடிமுந்திரி என்றும் ஒரு பெயர் உண்டு. ஈழத்தில் இன்றும் முந்திரிகை என்றால் திராட்சைதான். அங்கே போய் முந்திரிகை கேட்கும் கோவைக்காரர் பாயசத்துக்குப் பருப்பை எதிர்பார்த்து ஏமாறுவார்.

கொடி இந்தியாவின் வடபகுதிக்கு 1300ஐ ஒட்டி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வந்தது என்பது பொதுவான கருத்து. தமிழ்நாட்டுக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் கிறித்தவப் பாதிரியார்கள். ஆண்டு 1832 என்று தோட்டக்கலை நூல்கள் எழுதுகின்றன. பன்னீர் திராட்சையே அந்த ஆண்டு ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கையில் வந்ததாகவும் சொல்வதுண்டு. இதை அப்படியே ஏற்பது கடினம். பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அலெக்சாண்டிரியா மஸ்கட்டும் ஸ்கியாவா கிரோசா என்ற கருந்திராட்சையும் கலந்து பிறந்தது அது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்துக் கண்ணாடிக் குடில்களில்தான் அந்தப் பெயர் வெளிச்சத்துக்கு வருகிறது. ஆகவே 1832இல் வந்தது வேறு வகையாக இருந்து, பன்னீர் பின்னால் வந்து அதன் இடத்தைப் பிடித்தது என்று கொள்வதே பொருத்தம். பாதிரியாருக்குப் பூசைக்கு மது வேண்டியிருந்தது என்ற காரணத்தில் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லை.

இந்தப் பயிரின் தனித்தன்மை அதன் காலக்கணக்கில் இருக்கிறது. ஸ்பெயினின் ரியோஹா வட்டாரத்து ஆரோ போன்ற சிற்றூரில் ஆண்டுக்கு ஒரு வெள்ளாமை. பனிக்காலத்தில் கொடி இலையுதிர்த்துத் தூங்கும், வசந்தத்தில் துளிர்க்கும், செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. ஜூன் 29 அன்று ஊரே திரண்டு ஒருவர்மேல் ஒருவர் மதுவை ஊற்றிக்கொள்ளும் திருவிழாவும் அந்தக் கணக்கில் ஒரு நாள். அங்கே பருவம் சொல்கிறது, கொடி கேட்கிறது. கோவையில் கொடியைத் தூங்கவைக்கும் அளவுக்குக் குளிர் கிடையாது. விட்டால் ஆண்டு முழுக்கப் பச்சையாகப் படர்ந்துகொண்டே போகும், காய்ப்பு சொல்லும்படி இருக்காது. இங்கே பருவத்தை உண்டாக்குவது கவாத்துக் கத்தரி.

மார்கழி, தையில் ஒரு கவாத்து. அதன் பழம் பங்குனி, சித்திரையில். வைகாசி, ஆனியில் இன்னொரு கவாத்து. அதன் பழம் ஆவணி, புரட்டாசியில். நாசிக் பக்கம் ஆண்டுக்கு இரண்டு கவாத்து செய்தாலும் பழம் ஒருமுறைதான். ஏப்ரல் கவாத்து கொடியைத் தேற்றுவதற்கு, அக்டோபர் கவாத்து காய்க்க வைப்பதற்கு. தமிழ்நாட்டில் இரண்டு கவாத்துக்கும் பழம் உண்டு. நெருக்கிப் பிடித்தால் இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடை எடுப்பவர்களும் உண்டு. எக்டேருக்கு ஆண்டுக்கு 30 டன் வரை பன்னீர் திராட்சை எடுக்கலாம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு. 1868இல் சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1906இல் கோவைக்கு வந்த நிறுவனம் அது.

கவாத்து நாளில் தோட்டத்துக்குப் போனால் பார்க்கத் தகுந்த காட்சி ஒன்று உண்டு. கல்தூண் நட்டு, தலைக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்த பந்தல். முந்தின நாள் வரை அதன் கீழ் நிழல் கட்டியிருந்தது. இப்போது வெயில் நேராகத் தரையில் விழுகிறது. ஆட்கள் அண்ணாந்தபடியே ஒவ்வொரு கிளையிலும் கணு எண்ணி வெட்டிக்கொண்டு போகிறார்கள். மாலைக்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். வெட்டிய நுனியில் தெளிந்த நீர் திரண்டு சொட்டுகிறது. வேர் உறிஞ்சி அனுப்பும் நீர் போக இலை இல்லாமல் வெளியேறுவதுதான் அது. ஸ்பெயின்காரர்கள் இதைக் கொடியின் அழுகை என்பார்கள். மொட்டுகள் ஒரே சமயத்தில் உடைய வேண்டும் என்று சில நாளில் ஹைட்ரஜன் சயனமைடு தடவுவதும் உண்டு. பிறகு துளிர், பூங்கொத்து, பிஞ்சு, நிறமேற்றம். திராட்சை பறித்தபின் பழுக்காத சாதி. வாழையைப் போல முன்கூட்டியே வெட்டிப் புகை போட்டு ஏமாற்ற முடியாது.

ஐப்பசி, கார்த்திகை இந்தப் பயிருக்குக் கெட்ட காலம். வடகிழக்கு மழையின் ஈரத்தில் இலையின் அடிப்புறம் வெள்ளை பூக்கும். அடிச்சாம்பல் நோய் இது. மருந்து போர்டோ கலவை. 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர், தனித்தனியே கரைத்துக் கலக்க வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியைச் சற்று நேரம் கலவையில் முக்கி எடுத்தால் செம்புநிறம் படியக்கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இந்த மருந்தின் பிறப்பே திராட்சைத் தோட்டத்தில்தான். பிரான்சின் போர்டோ வட்டாரத்தில் பாதையோரக் கொடிகளில் வழிப்போக்கர் கைவைக்காமலிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்துவைத்தார்கள். அந்த வரிசையில் மட்டும் நோய் இல்லாததை மில்லார்டே என்ற தாவரவியலாளர் கவனித்து 1885இல் எழுதினார். திருட்டுக்கு வைத்த காவல் நோய்க்கும் காவலானது. பழம் முதிரும்போது பெய்யும் மழைக்கு மட்டும் எந்த மருந்தும் இல்லை. மணி வெடித்துவிடும், கொத்தோடு அழுகும்.

இவ்வளவு விளைந்தும் கோவைப் பக்கம் மதுவுக்கான ஊர் ஒன்றும் உருவாகவில்லை. முதல் காரணம் சட்டம். சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கி, 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. பின்னர் 1971இல் தளர்ந்து, 1974இல் இறுகி, மீண்டும் தளர்ந்து, 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 1987 முதல் கள்ளுக்குத் தடை நீடிக்கிறது. தன் பனையின் கள்ளையே இறக்க முடியாத குடியானவர் திராட்சை மதுவுக்கு ஊறல் போட நினைப்பாரா? இரண்டாவது காரணம் பழமே. பன்னீர் தின்னும் பழம், சாறுக்கும் ஆகும். அதை வாங்க மார்க்கெட் கைக்கெட்டும் தூரத்தில். மேற்கே சாலை நேராகக் கேரளத்துக்குப் போகிறது. இந்த வசதி இருக்கிறபோது பீப்பாய் வைத்துப் பல ஆண்டு காத்திருக்கும் அவசியம் வரவில்லை. தமிழ் மண்ணில் அந்தக் காத்திருப்பைச் செய்தவர்கள் யாழ்ப்பாணத்தார்: தோலகட்டியில் 1928இல் தோன்றிய செபமாலைத் தாசர் மடத்துத் துறவிகள் நெல்லிரசத்தோடு திராட்சை மதுவும் செய்து பெயர் வாங்கினார்கள். கோவையில் அது கிறித்துமசுக்கு முன் வீட்டுச் சாடியில் ஊறுவதோடு சரி.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவைத் திராட்சைக்கு அப்படித் தனிப் பெயர் இல்லை, பரப்பும் சுருங்கிவிட்டது. அண்ணாந்து வெட்டக் கைதேர்ந்த ஆள் வேண்டும், கூலி ஏறிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துப் பாக்குமரம் அவ்வளவு கவனிப்பைக் கேட்பதில்லை. மலையிலிருந்து இறங்கும் யானைக்குப் பந்தல் ஒரு தடையே அல்ல. கல்தூண் சாய்ந்தால் அதோடு கம்பியும் கொடியும் சேர்ந்து போகும். நகரம் வேறு பேரூரைத் தாண்டி மேற்கே வந்துகொண்டிருக்கிறது; மனைக்கல் நட்ட இடங்களில் பழைய பந்தல்தூண்கள் அங்கங்கே வேலியாக நிற்கின்றன.

பார்க்கப் போகிறவர் சித்திரையில் போகலாம். சிறுவாணிச் சாலையில் கோவைக் குற்றாலத்துக்குப் போகும் வழிதான். தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே குனிந்து போனால் தலைக்கு மேல் கொத்துக் கொத்தாகத் தொங்கும். மணியைத் தொடக்கூடாது, காம்பைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். மேலே படிந்திருக்கும் வெண்மாவு கைபட்டால் அழியும். அழிந்த கொத்துக்கு வியாபாரி விலையைக் குறைப்பார். அதே ஆள் ஆனியில் போனால் மொட்டைக் கொம்பும் கம்பியும் மேற்குக் காற்றின் இரைச்சலும்தான் இருக்கும். கொடி பட்டுப்போய்விட்டதோ என்று கேட்டால், ஆவணியில் வாங்க என்பார் தோட்டக்காரர்.