கறுப்புத் திரையை நிரப்பும் லினக்ஸ் செய்திகள்: எதை அடக்கலாம், எதை அடக்கக் கூடாது?

ஊரிலிருந்து வந்த படங்களையும் காணி உறுதிகளையும் ஸ்கேன் செய்து, லினக்ஸ் போட்ட பழைய கணினியொன்றில் சேமித்து வைக்கும் குடும்பங்கள் எம்மிடையே உண்டு. அதன் கறுப்புத் திரையில் கட்டளையொன்றைத் தட்டச்சிடும்போது, இயங்குதளத்தின் கருவான கேர்னலின் செய்திகள் நடுவே வந்து விழுந்து வரியைக் குழப்பும். யூஎஸ்பி செருகினாலும் செய்தி, கழற்றினாலும் செய்தி. இவற்றை எப்படி அடக்குவது?

கேர்னல் தன் ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 7 வரை ஒரு நிலை கொடுக்கிறது. எண் சிறிதானால் ஆபத்து பெரிது. 0 என்றால் கணினி இயங்கவே முடியாத நிலை. 3 பிழை, 4 எச்சரிக்கை, 6 வெறும் தகவல், 7 நிரலாளருக்கான விபரம். திரைக்கும் ஓர் எல்லை எண் உண்டு. அந்த எண்ணைவிடச் சிறிய நிலையுள்ள செய்திகளே திரைக்கு வரும். எல்லை 7 ஆக இருந்தால் தகவல்களும் வந்து கொட்டும்.

எல்லையை மாற்றுவதற்கு டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளாலான கட்டளை உள்ளது. நிர்வாகி உரிமையுடன் அதைத் தட்டச்சிட்டு, இடைவெளி விட்டு, சிறு கோடும் ‘என்’ என்ற சிறிய எழுத்தும் இட்டு, மீண்டும் இடைவெளி விட்டு 4 என்று கொடுத்தால் போதும். தகவல்களும் எச்சரிக்கைகளும் திரைக்கு வராது, பிழைகள் வரும். கணினியை மீள இயக்கினால் இம்மாற்றம் போய்விடும். தொடக்கத்திலிருந்தே அமைதி வேண்டுமானால், கணினி தொடங்கும்போது கேர்னலுக்குக் கொடுக்கும் வரியில் ‘குவாயட்’ என்ற சொல்லைச் சேர்க்கலாம்.

எல்லையை 1 ஆக்கினால் 0 நிலைச் செய்திகள் தவிர மற்றெல்லாம் அடங்கிவிடும். ஆனால் அங்கேதான் ஆபத்து. வன்தட்டில் ஒரு பகுதியை வாசிக்க முடியவில்லை என்ற செய்தி 3ஆம் நிலையில் வருவது. எல்லை 1 என்றால் அது எமது கண்ணில் படாது. ஆகவே 4 உடன் நிறுத்திக்கொள்வதே நல்லது.

திரையில் மறைந்த செய்தி அழிந்துவிடுவதில்லை. அதே ஐந்தெழுத்துக் கட்டளையைத் தனியே கொடுத்தால், கேர்னல் நினைவில் வைத்திருப்பவற்றை வாசிக்கலாம். இடம் நிரம்பும்போது பழையவை அழிந்து புதியவை பதிவாகும் என்பதால், இடைக்கிடை பார்ப்பது அவசியம்.

வன்தட்டுப் பிழை திரும்பத் திரும்ப வருமானால், அதை அடக்க வழி தேட வேண்டாம். முதலில் படங்களை வேறொரு தட்டுக்குப் பிரதி எடுத்துவிடுவோம்.