மருத்துவக் கருவியின் குறிப்பைத் தமிழாக்க யாரை நாடுவது?

வீட்டிலேயே இனிப்பு நீர், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகள் இன்று ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டார மக்களுக்குப் புதியவை அல்ல. ஆனால், அவற்றுடன் வரும் குறிப்பைத் தமிழில் காண்பது அரிது.

சட்டம் சொல்வது

மலேசியாவில் மருத்துவச் சாதனங்களை 2012-ஆம் ஆண்டின் 737-ஆவது சட்டம் கட்டுப்படுத்துகிறது. வீட்டில் பயன்படுத்தும் கருவிகளுக்கு மலாய் மொழிக் குறிப்பு தேவை, தமிழ் கட்டாயமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017/745 விதிமுறையோ, மொழியை அந்தந்த நாடே தீர்மானிக்க விடுகிறது. அதனால் சுமார் 1 கோடிப் பேர் பேசும் செக் மொழிக்கும் உற்பத்தியாளரே மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டியிருக்கிறது. இங்கே அந்த வேலை பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் தலையில் விழுகிறது.

ஆபத்து எங்கே?

தமிழகக் கையேடுகள் ரத்தச் சர்க்கரையை டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் சொல்கின்றன. மலேசியாவில் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு. இங்குள்ள 7.0 அங்கே 126; அதாவது 18 மடங்கு. ‘70-க்குக் கீழே போனால் உடனே இனிப்பு சாப்பிடுங்கள்’ என்ற தமிழகக் குறிப்பைப் படித்த முதியவர், தம் கருவியில் 15 என்று கண்டால் சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொள்ளக்கூடும். உண்மையில் அது 270, மிக அதிகம்.

தேர்வு செய்யும் முறை

• மொழி மட்டும் தெரிந்தால் போதாது. தாதியர், மருந்தாளுநர் போல அக்கருவியைக் கையாண்டவரின் துணை வேண்டும்.

• மூலத்துடன் ஒப்பிட்டு இரண்டாமவர் ஒருவர் சரிபார்க்க வேண்டும். ஐஎஸ்ஓ 17100 தரநிலையும் இதையே கேட்கிறது.

• எச்சரிக்கை வரிகளை, மூலத்தைப் பார்க்காத வேறொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கட்டும். பொருள் மாறினால் தெரிந்துவிடும்.

• முதியவர் ஒருவரிடம் கொடுத்து, படித்தபடி செய்யச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் வரியைத் திருத்துங்கள்.

சங்கங்களும் நிறுவனங்களும் கையேடு வெளியிட விரும்பினால், ஐடிபிஎம் எனப்படும் மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் கழகத்தின் கட்டணச் சேவையை விசாரிக்கலாம்.

தமிழுக்கு முடியும்

அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மாணவர்களின் உதவியோடு உடற்கூற்று நூல் முதலியவற்றைத் தமிழாக்கினார். மருத்துவம் அறிந்தவரும் தமிழ் அறிந்தவரும் சேர்ந்து உட்கார்ந்ததால் நடந்த வேலை அது.

வீட்டில் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை கிளினிக்கிற்குப் போகும்போது கருவியையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த எண்ணுக்குக் கீழே இறங்கினால் இனிப்பு சாப்பிட வேண்டும், எந்த எண்ணைத் தாண்டினால் மருத்துவரிடம் ஓட வேண்டும் என்று கேட்டு, தமிழில் எழுதிக் கருவிப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.